மீசைக்கு மேலே இருந்த வரி

மீசைக்காரர் எந்த இனம் என்பதில் அந்த ஊரில் மூன்று கட்சி இருந்தது. நடையைப் பாருங்கள், சேற்றில் கால் ஊன்றிப் பழகிய வம்சத்துக்குத்தான் அப்படி நடை வரும், ஆள் ஆற்றுக்கரைக்காரர்தான் என்று ஒரு கட்சி. மூக்கைப் பாருங்கள், அது கப்பலில் வந்து இறங்கியவர்களின் மூக்கு, சத்தியம் செய்யத் தயார் என்று இன்னொரு கட்சி. மலைக்காரர்கள் மூன்றாவது கட்சி. அவர்களுக்கு அந்த மீசையே போதும். மற்ற இரண்டு கட்சியும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் மலைக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பதில் மட்டும் ஒத்துப்போயின. மலைக்காரர்கள் பேசும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார்கள். அதைப் பேசிக் காட்டிச் சிரிப்பது அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடக் கைவந்த வித்தை.

மீசைக்காரர் சினிமா நடிகர். நாற்பது வருஷத்தில் ஏழு ராஜா, இரண்டு தளபதி, ஒரே ஒரு தடவை தபால்காரர். தபால்காரர் படம் ஓடவில்லை. பூர்வீகம் எது என்று யார் கேட்டாலும், "எங்கப்பா சொல்லலைங்க, அவங்கப்பா அவருக்குச் சொல்லலை" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஊர் விடுமா? அவர் விட்ட இடத்தில் ஊர் பிடித்துக்கொண்டது.

இந்த மூன்று கட்சிக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டவர், பாவம், நம்முடைய மேற்படியம்மா.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. வயது ஐம்பத்தொன்பது. ஓய்வு பெற நாலு மாதம் பாக்கி. பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. பதிவேட்டில் ஒரு கட்டத்தில் எழுத வேண்டியதும் அதற்கு மேல் வரியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் மறுபடி எழுதமாட்டார்கள். 'மேற்படி' என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். ஒரு பக்கத்துக்கு முப்பது பிள்ளை பிறந்தால் அதில் இருபது மேற்படி இருக்கும். முப்பத்தொரு வருஷம் இதையே எழுதி, படித்து, அந்தச் சொல் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. "இன்னைக்கு என்ன சமையல்?" என்று வீட்டுக்காரர் கேட்டால் "மேற்படி" என்பார். நேற்றைக்கு வைத்ததுதான் இன்றைக்கும் என்று அர்த்தம். வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்தான் அந்தப் பட்டத்தைச் சூட்டினார். அது எப்படியோ அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது.

அறை நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் கூரையைத் தொடுகிற இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற வழி. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்து. ஜன்னலடியில் அவருடைய மேஜை. மேஜையில் பூதக்கண்ணாடி, சிவப்பு மைப் பேனா, கருப்பு மைப் பேனா, பூச்சி உருண்டை போட்ட ஒரு டப்பா. பேனா இடம் மாறியிருந்தால் யார் தொட்டார்கள் என்று கேட்டு மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். கோபம் மூக்குக்கு மேல் வரும், ஐந்து நிமிஷத்தில் இறங்கியும் விடும்.

பெருமை ஒன்றே ஒன்று வைத்திருந்தார். தன் கையில் தப்பு வராது என்பது. இருபத்தெட்டு வயதில் தற்காலிக வேலைக்கு வந்தவர் அவர். நூறு வருஷத்துப் பதிவேடுகள் அப்பளமாக நொறுங்கிக்கொண்டிருந்த சமயம். அவற்றைப் பார்த்துப் புதுப் பதிவேட்டில் எழுத நாலு பெண்களை எடுத்தார்கள். மற்ற மூன்று பேரும் கல்யாணம், குழந்தை, வேறு வேலை என்று போய்விட்டார்கள். இவர் மட்டும் தங்கினார், நிரந்தரமானார். அன்றைக்கு மேலதிகாரி சொன்ன ஒரே விதி, கண்டது கண்டபடி எழுத வேண்டும் என்பது. அந்த விதியை இவர் வேதமாக எடுத்துக்கொண்டார். யாராவது பெரிய மனிதர் வந்து, "கொள்ளுத்தாத்தா தொழில்ல கூலின்னு இருக்கே, வியாபாரின்னு மாத்தித் தரமுடியுமா?" என்று குழைந்தால், "அவரை வந்து சொல்லச் சொல்லுங்க, மாத்தறேன்" என்பார். கொள்ளுத்தாத்தா எங்கே வர?

அந்த அலுவலகத்தில் பியூன் ஒருவர் உண்டு. நாற்பத்தைந்து வயது இருக்கும். மலைக்காரர். ஆனால் அதை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. வார்த்தைகளை வெட்டி வெட்டிப் பேசுவார், கடைசி எழுத்து இழுபட்டுவிடக் கூடாது என்ற பயம். "சரி மேடம்." "வரேன் மேடம்." "இல்ல மேடம்." இதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதென்றால் வாயைப் பிடுங்க வேண்டும். பதினைந்து வருஷமாக அந்த அறைக்குத் தண்ணீரும் டீயும் கொண்டுவருகிறார், பதிவேடுகளை ஏற்றி இறக்குகிறார்.

அவரைப் பற்றி மேற்படியம்மாவுக்கு ஒன்று தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசியதே இல்லை. பியூன் வேலைக்கு வருவதற்கு முன்னால், பதினேழு வருஷத்துக்கு முன்பு ஒருநாள், தன் பெண் குழந்தை பிறந்ததைப் பதிய வரிசையில் வந்து நின்றார். அன்றைக்கு கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் இவர். பியூனுக்கு முன்னால் நின்ற பெண், இனம் என்ன என்று கேட்டதும், "மலைக்காரங்க" என்று கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னாள். வரிசையில் பின்னால் யாரோ அதே மாதிரி இழுத்துக் காட்டினார்கள். வரிசையே சிரித்தது. அடுத்து பியூன் முறை. "இனம்?" என்று இவர் கேட்டார். பியூன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லலைன்னு போட்டுக்குங்க" என்றார். சொல்ல விருப்பமில்லாதவர்களுக்கு அந்த உரிமை எப்போதும் உண்டு. கட்டத்தில் 'சொல்லவில்லை' என்று இவர் எழுதினார்.

இப்போது கதைக்கு வருவோம். டிவிக்காரர்கள் ஒரு தொடர் எடுத்தார்கள். பிரபலமானவர்களின் வம்சத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களையே கூட்டிவந்து காட்டி, அழவைக்கிற தொடர். மீசைக்காரர் முறை வந்தபோது ஆராய்ச்சி செய்ய ஒரு பெண்ணை அனுப்பினார்கள். சுறுசுறுப்பான பெண். மீசைக்காரருடைய தாத்தா பிறந்த பதிவை இரண்டே நாளில் பிடித்துவிட்டாள். தாய் பெயர், வயது பத்தொன்பது, தொழில் தையல், தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு, இனம் என்ற கட்டத்தில் மேற்படி.

"மேற்படின்னா என்ன மேடம்?" என்று கேட்டாள்.

மேற்படியம்மா விரலை ஒரு வரி மேலே நகர்த்தினார். அங்கே மலைக்காரர் என்று இருந்தது. "மேலே என்ன இருக்கோ அதுதாம்மா. மலைக்காரர்."

அவ்வளவுதான். ஒரு வாரத்தில் டிவியில் விளம்பரம் வந்துவிட்டது. ராஜா வேஷத்தில் மீசைக்காரர் குதிரையில் வர, பின்னால் மலை தெரிய, 'மலையின் மைந்தன்' என்று எழுத்து ஓடியது. மலைக்காரர்கள் இருக்கிற சந்தின் முனையில் அவர் படத்தை ஓர் ஆள் உயரத்துக்கு வைத்தார்கள். ஆற்றுக்கரைக் கட்சியும் கப்பல் கட்சியும் வாயை மூடிக்கொண்டன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இழுத்துப் பேசினால் இப்போது மலைக்காரப் பிள்ளைகள், "எங்க ராஜா மாதிரி பேசறியா?" என்று திருப்பிக் கேட்டார்களாம்.

பியூனுக்குத் தலைகால் புரியவில்லை. மேலுதட்டில் மீசை வளர ஆரம்பித்தது. டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார், பேசினார்! வெட்டாமல் கொள்ளாமல், கடைசி எழுத்தை அதன்பாட்டுக்கு இழுத்துப் பேசினார். விளம்பரம் வந்த மறுவாரம் ஒரு மனுவை இரண்டு கையாலும் நீட்டினார். தன் பெண்ணின் பதிவில், இனம் என்ற கட்டத்தில், சொல்லவில்லை என்று இருப்பதை மலைக்காரர் என்று திருத்த வேண்டும்.

"என் பொண்ணுதான் சொன்னா மேடம். அப்பா, இப்ப எழுதலாமேன்னு."

அதிகாரி கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சிவப்பு மையில் எழுத வேண்டியதுதான் பாக்கி. படப்பிடிப்பு அமளி முடியட்டும், நிதானமாக நல்ல கையெழுத்தில் எழுதுகிறேன் என்று மேற்படியம்மா அதை மேஜை டிராயரில் வைத்திருந்தார்.

படப்பிடிப்பு வியாழக்கிழமை. மீசைக்காரரே நேரில் வந்து, அந்தப் பக்கத்தைத் தன் கையால் புரட்டிப் பார்க்கவேண்டும் என்று ஏற்பாடு. திங்கட்கிழமை மேற்படியம்மா அந்தப் பதிவேட்டை இறக்கி, தூசு தட்டி, மேஜையில் விரித்தார். கேமராவில் வரப்போகிற பக்கம் அல்லவா, தன் இளவயதுக் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கிற சின்ன ஆசையும் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே வந்தவர், தேதிக் கட்டத்தில் நின்றார்.

மலைக்காரர் என்று இருந்த வரிக்குத் தேதி நாலு. அதற்குக் கீழே, மீசைக்காரரின் தாத்தாவுக்குத் தேதி பத்தொன்பது. முப்பது வரி தள்ளி மறுபடியும் தேதி ஐந்து.

அது ஒரே பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவேடு, பிள்ளைகள் பிறக்கிற வரிசை அப்படி முன்னும் பின்னும் போகாது. அசலில் தாள்கள் இடம் மாறிப்போயிருக்கின்றன. ஓரம் எல்லாம் உதிர்ந்து வரிசை எண்ணே இல்லாத தாள்கள் அவை. புது எண்ணைப் போட்டதே இவர்தான். தாள் எந்த வரிசையில் கையில் வந்ததோ அந்த வரிசையில், கண்டது கண்டபடி எழுதியிருக்கிறார். ஒரு தாளின் முதல் வரியில் மேற்படி என்று எழுதக் கூடாது. அது ஒவ்வொரு குமாஸ்தாவும் வேலைக்கு வந்த முதல் நாள் படிக்கிற பாடம். நூறு வருஷத்துக்கும் முன்னால் யாரோ ஒரு சோம்பேறி அதை எழுதினான். இருபத்தெட்டு வயதில் இவர், மேலே வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டதைக் கவனிக்காமல், அந்த மேற்படியை அப்படியே இறக்கிவிட்டார்.

அசல் தாள்கள் மேல் தட்டில், தகரப் பெட்டியில் கிடந்தன. ஏணி போட வேண்டும். ஏணியைப் பிடிக்க யார் வருவார்கள்? பியூன்தான் வந்தார்.

"மெதுவா மேடம். நான் எடுத்துத் தரட்டுமா?"

"வேணாம் தம்பி. நானே பார்க்கறேன். நீ கெட்டியாப் பிடிச்சுக்கோ."

மேலே இவர் தாள்களைப் புரட்டப் புரட்ட, கீழே அவர் பேசிக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமைக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். மீசைக்காரருக்குத் தண்ணீர் தான்தான் கொடுக்கவேண்டும், வேறு யாரும் கொடுக்கக் கூடாது, அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள் மேடம். பெண் சொன்னாளாம், கையெழுத்து வேண்டாம் அப்பா, நம்ம பேச்சில் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா, அது போதும் என்று.

பதினெட்டாம் தேதித் தாள் கிடைத்தது. அதன் கடைசி வரியை இவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு பத்தொன்பதாம் தேதித் தாளை அதன் கீழே வைத்து, கிழிந்த ஓரம் ஓரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருந்தியது.

"கிடைச்சுதா மேடம்?"

"ம்."

"எல்லாம் சரியா இருக்குதா?"

மேற்படியம்மா ஏணியை விட்டு இறங்கினார். "பிடிச்சதுக்கு நன்றி தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் யாரையும் கோபிக்கவில்லை. அதைப் பார்த்தே பக்கத்து அறைக்காரர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் மீசைக்காரரின் பரம ரசிகர். ஏழு ராஜா படத்தையும் இருபது தடவைக்குக் குறையாமல் பார்த்தவர். முதலில் அவர் சுலபமாக ஒரு வழி சொன்னார்.

"யாருக்குத் தெரியப்போகுது? முப்பத்தொரு வருஷமா அது அங்கேயே கெடக்கு. யாராவது பார்த்தாங்களா? நாலு மாசம், வாயை மூடிட்டு இரு. மாலை போடுவாங்க, வாங்கிட்டு வந்துரு."

"அதான் நானும் நெனச்சேன்" என்றார் மேற்படியம்மா.

நினைத்தார்தான். பொய் சொல்லவேண்டாம். தன் பெருமையைப் பற்றி நினைத்தார், போகும்போது கெட்ட பெயரா என்று நினைத்தார். அதைவிட அதிகமாக, டிராயரில் இருக்கிற மனுவை நினைத்தார். உண்மையைச் சொன்னால் பியூன் அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வார். மறுபடி தரையைப் பார்த்து நடப்பார். அந்தப் பெண் குழந்தையின் கட்டத்தில் சொல்லவில்லை என்பது அப்படியே இருந்துவிடும். மீசைக்காரர் எந்த இனமாக இருந்தால் இவருக்கென்ன? இந்த ஒரு பெண்ணின் கட்டம்தான் இவருக்குப் பெரிதாகப் பட்டது.

"அந்த ஆளு பதினேழு வருஷம் கழிச்சு வாயைத் தெறந்திருக்கான்" என்றார். "நான் போய் அதை மூடணுமா?"

வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்தார். அது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

"ஒரு தடவை தடம் மாறிப் போயிட்டேன், ஞாபகம் இருக்கா? புதுப் பாதை போட்டிருந்தான், தெரியாம உள்ள விட்டுட்டேன். உள்ள நாற்பது பேர். யாரும் கவனிக்கலை. ஜன்னல் பக்கம் ஒரு அம்மா, காத்து நல்லா வருதுன்னு சந்தோஷமா உட்கார்ந்திருந்தாங்க. அப்படியே ஓட்டியிருக்கலாம். ஆனா அவங்க எறங்க வேண்டிய எடம் அந்தப் பக்கம் இல்லையே?"

"என்ன பண்ணினீங்க?"

"நிறுத்தி, எந்திரிச்சு நின்னு சொன்னேன். தப்பாப் போயிட்டேன், திருப்பறேன்னு. திட்டினாங்க. நல்லாவே திட்டினாங்க."

புதன்கிழமை காலையில் மேற்படியம்மா அதிகாரியிடம் போவதற்கு முன்னால் பியூனைக் கூப்பிட்டார். மற்றவர்கள் வாயால் அவருக்குத் தெரியக் கூடாது, அந்த ஒன்றில் மட்டும் இவர் கறாராக இருந்தார். இரண்டு தாளையும் மேஜையில் வைத்து, தேதியைக் காட்டி, ஓரத்தைப் பொருத்திக் காட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"தப்பு என்னுது தம்பி. நான்தான் எழுதினேன். மீசைக்காரர் மலைக்காரர்னு இதுல இல்லை."

பியூன் தாளைப் பார்க்கவில்லை, இவர் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப என்னன்னு இருக்கு?"

"நீயே படி."

அவர் குனிந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார், அங்கே இருந்தது ஒரே ஒரு சொல்தான். பிறகு நிமிர்ந்து, "சரி மேடம்" என்றார். வெட்டி, பழைய மாதிரி. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேற்படியம்மாவுக்குக் கண் கலங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனார். அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டு, "நாலு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். எழுத்து மூலம் விளக்கம் கொடுக்கச் சொன்னார். இவர் கொடுத்தார். மீதிப் பதிவேட்டையும் சாயங்காலத்துக்குள் வரி வரியாகச் சரிபார்த்தார். தாள் மாறின மற்ற இடங்களில் முதல் வரியில் முழுச் சொல்லே இருந்தது. கெட்டது இந்த ஒரு மேற்படிதான்.

வியாழக்கிழமை மீசைக்காரர் வந்தார். சினிமாவில் பார்த்ததைவிடக் குள்ளம். அறைக்குள் வந்ததும் பூச்சி உருண்டை வாசனைக்கு மூன்று தும்மல் போட்டார். விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பியூன் புது வெள்ளைச் சட்டையில், கையில் தண்ணீர்த் தட்டோடு கதவோரம் நின்றார். மேலுதட்டை மழித்துவிட்டு வந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு மேற்படியம்மா மீசைக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, லைட்டு போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். உங்களைப் பத்தி நான் தப்பாச் சொல்லிட்டேன்."

டிவிக்காரப் பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. மீசைக்காரர் மட்டும் நிதானமாக முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இவர் இரண்டு தாளையும் சேர்த்து வைத்தார். பதினெட்டாம் தேதித் தாளின் கடைசி வரியில், இனம் என்ற கட்டத்தில், 'சொல்லவில்லை' என்று இருந்தது. அதன் கீழே, பத்தொன்பதாம் தேதி முதல் வரியில், மேற்படி.

"அப்படின்னா தெரியாதுன்னு அர்த்தமா?"

"இல்லைங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னே எழுதுவாங்க, பாருங்க, இங்க ஒண்ணு அப்படி இருக்கு. இது வேற. கேட்டிருக்காங்க, சொல்லலை. பக்கத்துக் கட்டில்ல இருந்த பொண்ணும் சொல்லலை, உங்க தாத்தாவோட அம்மாவும் சொல்லலை."

"பத்தொன்பது வயசுல?"

"பத்தொன்பது வயசுல. தையல் வேலை. புருஷன் பேரும் சொல்லலை."

மீசைக்காரர் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவை எத்தனை தடவை கேட்டிருப்பேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "வாயைத் தெறக்கமாட்டார். நம்மளைப் பெத்தவங்களைப் பத்தி இவருக்கு ஒரு அக்கறையும் இல்லைன்னு சண்டை போட்டிருக்கேன். கடைசி வரைக்கும் அந்தக் கோபம் போகலை. அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க போல. இந்தம்மா வாயிலதான் அது ஆரம்பிச்சிருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு ராஜாவா நடிச்சேம்மா. கேள்வி கேட்கிறவன் முன்னாடி ஒரு ராஜாகூட இப்படி நின்னது இல்லை."

டிவிக்காரப் பெண் மெதுவாகக் கேட்டாள், "சார், விளம்பரம் போயிடுச்சே. மலைக்காரங்ககிட்ட என்ன சொல்றது?"

"இருக்கறதைச் சொல்லுங்க. எங்க கொள்ளுப்பாட்டி சொல்லலை, அதனால எனக்குச் சொல்லத் தெரியலைன்னு. இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது." பிறகு கதவைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க?" என்றார்.

பியூன் தட்டைக் கொண்டுவந்தார். மீசைக்காரர் குடித்தார், நன்றி சொன்னார். பியூன் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கதவோரம் திரும்பிப் போய் நின்றார்.

எல்லாரும் போன பிறகு அறை பழையபடி ஆயிற்று. விளக்குக்காரர்கள் விட்டுப்போன ஒட்டுத்தாளை மேற்படியம்மா தரையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தபோது பியூன் உள்ளே வந்தார். வந்த காரியம் என்னவென்று இவருக்குத் தெரியாதா? அவர் கேட்டு அவமானப்பட வேண்டாம் என்று, தானே டிராயரைத் திறந்து மனுவை எடுத்து நீட்டினார்.

"இந்தா தம்பி. அவசரம் ஒண்ணுமில்லை. எப்ப வேணாலும் மறுபடி கொடுக்கலாம்."

பியூன் அதை வாங்கவில்லை.

"அந்தத் தையல்காரம்மா எங்க ஆளாத்தான் இருக்கும் மேடம்."

"எப்படிச் சொல்றே?"

"இல்லாட்டி ஏன் சொல்லாம இருக்கணும்? சிரிக்கிறவங்க இருந்தாத்தானே சொல்லாம இருப்பாங்க."

"அந்தக் காலத்துல ஒவ்வொருத்தரைப் பார்த்தும் யாரோ ஒருத்தர் சிரிச்சிருக்காங்க தம்பி. ஆற்றுக்கரைக்காரங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. கப்பல்காரங்களைப் பார்த்தும் சிரிச்சாங்க. யாருன்னு சொல்ல முடியாது."

பியூன் தலையை ஆட்டினார். "நேத்து வீட்டுல பொண்ணுகிட்ட சொன்னேன். அவரு நம்ம ஆளு இல்லையாம், மனுவைத் திரும்ப வாங்கிடறேன்னு. அவ என்ன கேட்டா தெரியுமா? அப்பா, அவரு இல்லைன்னா நாமளும் இல்லையான்னு கேட்டா." மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "ராத்திரி சாப்பிடக்கூட இல்லை."

மேற்படியம்மா அலமாரிக்குப் போய் பதினேழு வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டை எடுத்தார். கனமான புத்தகம். பியூன் வாங்கி மேஜையில் வைத்து, பக்கத்தைத் தானே புரட்டினார். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் யாரும் இல்லாத நேரத்தில் அதை எத்தனை தடவை பிரித்துப் பார்த்திருப்பாரோ.

பெண்ணின் வரியில், சொல்லவில்லை. அதற்கு நேர் மேலே, அன்றைக்கு வரிசையில் முன்னால் நின்று எல்லாரும் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அந்தப் பெண்ணின் வரி. மலைக்காரர்.

மேற்படியம்மா சிவப்புப் பேனாவைத் திறந்து, சொல்லவில்லை என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் எழுதப் போனார். முப்பத்தொரு வருஷப் பழக்கம், கை அதன்பாட்டுக்கு 'மே' என்று வளைய ஆரம்பித்தது.

பியூன் மேஜையின் மேல் கையை வைத்தார்.

"மேற்படி வேணாம் மேடம். முழுசா எழுதுங்க" என்றார். கடைசி எழுத்தை இழுத்தே சொன்னார்.